கார் கொட்டகையில் ஒரு பரண்

தென்திருவிதாங்கூரின் பழைய வீடுகளில் பொருள்களுக்கு உரிய இடம் வீடு கட்டும்போதே வகுக்கப்பட்டது. நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது. விதைக்கும் விறகுக்கும் அடுப்பின் மேலே பரண் இருந்தது. அடுப்பிலிருந்து எழுந்த புகை பரணில் இருந்தவற்றைப் பூச்சி அண்டாமல் காத்தது. கனமானவை தரையை ஒட்டியும் எடை குறைந்தவை தலைக்கு மேலும் இருந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் அமைந்தன. களியக்காவிளை, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தில் அமைந்தது. ஆயினும் பத்தாயம், பரண் என்னும் சொற்கள் எல்லையின் இருபுறத்தாருக்கும் பொதுவானவை.

இன்று ஐந்து சென்ட் நிலத்தில், அதாவது ஏறத்தாழ 2,178 சதுர அடியில், வீடும் கிணறும் கழிவுத்தொட்டியும் அமைகின்றன. எஞ்சும் மூலையில் கார் கொட்டகை எழுகிறது. பத்தாயமும் பரணும் இல்லாத வீட்டில் மண்வெட்டி, ஏணி, தேங்காய், பழைய பாடநூல்கள், வண்ணப்பூச்சு டப்பா ஆகிய அனைத்தும் அங்கேயே சென்று சேர்கின்றன. சில ஆண்டுகளில் கார் வெளியே மழையில் நிற்கும். பொருள்கள் உள்ளே சுகமாக இருக்கும். இந்நிலை வாராதிருக்க முதலில் அளக்க வேண்டியது சுவரை அன்று, காரை.

உள்ளளவு பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமும் உடைய ஒரு கொட்டகையைக் கருதுக. அதன் அகலம் 3.05 மீட்டர், நீளம் ஏறத்தாழ 5.5 மீட்டர். அதில் நிற்கும் ஆல்ட்டோ காரின் அகலம் ஏறத்தாழ 1.5 மீட்டர். எஞ்சுவது 1.55 மீட்டர். ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முக்கால் மீட்டர் வேண்டும். மற்றப் பக்கத்தில் 80 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அங்கே 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டுகளை அமைத்தாலும் 35 சென்டிமீட்டர் மிஞ்சும்; பக்கக் கண்ணாடி இடிக்காது. கணக்கு நன்றாகவே தோன்றுகிறது.

ஆனால் தட்டு இருபது ஆண்டு நிற்கும். கார் அவ்வளவு காலம் நிற்பதில்லை. அடுத்து வருவது ஸ்விஃப்ட் ஆனால் அதன் அகலம் ஏறத்தாழ 1.73 மீட்டர். ஓட்டுநருக்கு உரிய முக்கால் மீட்டரையும் தட்டின் 45 சென்டிமீட்டரையும் கழித்தால் எஞ்சுவது 12 சென்டிமீட்டரே. பக்கக் கண்ணாடி தட்டில் மோதும். 1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800இன் அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர் என்பதை நினைத்தால், கார்கள் எவ்வாறு பருத்து வந்துள்ளன என்பது விளங்கும். 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு வரவுசெலவுத் திட்டம் நான்கு மீட்டருக்கு மிகாத சிறு கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அதனால் நீளம் கட்டுக்குள் நின்றது. அகலத்திற்கு அத்தகைய எல்லை இல்லை.

ஆகவே ஆழமான தட்டுகளுக்கு ஏற்ற இடம் பக்கச்சுவர் அன்று, முன்சுவரே. நான்கு மீட்டர்க் கார் நின்றபின் நீளத்தில் 1.5 மீட்டர் எஞ்சும். பின்புறத்தில் 60 சென்டிமீட்டர் விட்டால் ஷட்டரை இறக்கவும் ஒருவர் கடந்து செல்லவும் இயலும். மீதி 90 சென்டிமீட்டரில் பாதி தட்டுக்கும் பாதி நடைக்கும் ஆகும். முன்சக்கரம் வந்து நிற்கும் இடத்தில் தரையில் ஒரு மரக்கட்டையைப் பதித்தால் கார் தட்டில் முட்டாது. பக்கச்சுவரில் 30 சென்டிமீட்டருக்கு மேற்படாத தட்டுகள் போதும். அவை எந்தச் சுவரில் அமையவேண்டும் என்பது காரை முன்னோக்கி நிறுத்துகிறார்களா, பின்னோக்கி நிறுத்துகிறார்களா என்பதைப் பொறுத்தது. பின்னோக்கி நிறுத்தினால் ஓட்டுநர் இறங்கும் பக்கம் மாறிவிடும். தச்சரை அழைக்கும் முன்பு காரின் உருவத்தையும் திறந்த கதவின் உருவத்தையும் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து, அக்கோடுகளுக்கு இடையே நடந்து பார்ப்பது நன்று. வீட்டிலுள்ள முதியவரையும் நடந்து பார்க்கச் சொல்லவேண்டும்.

இப்பகுதிச் சுவர்கள் பல வெட்டுக்கல்லால் ஆனவை. வெட்டுக்கல் துளைகள் நிறைந்தது. திருகாணியை உறுதியாகப் பற்றாது. சுவரில் தொங்கும் தட்டைவிடத் தரையில் கால் ஊன்றி நிற்கும் இரும்பு ராக் இங்கே நம்பத்தக்கது. அதன் மேற்பகுதியை மட்டும் சுவரோடு பிணைத்தால் சாயாது. இடவப்பாதியில் ஒரு மழை, துலாமாதத்தில் மற்றொரு மழை என ஆண்டில் இருமுறை தரை ஈரம் கசியும் ஊர் இது. ராக்கின் கால்களுக்குக் கீழே கருங்கல் துண்டுகளை வைத்தால் துருவும் குறையும். கரையான் ஏறுவதும் கண்ணுக்குப் படும். காற்றுத்துளைகளைத் தட்டுகளால் மறைக்கலாகாது. மூடிய கொட்டகையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சு வளி சேரும்.

எடையைப் பொறுத்தவரை பத்தாயத்தின் முறையே இன்றும் பொருந்தும். ஐம்பது தேங்காய் நிறைந்த சாக்கு கீழ்த்தட்டுக்கு உரியது. அதை மேலே ஏற்றியவருக்குக் காரின் முன்கண்ணாடியின் விலை விரைவில் தெரியவரும்.

எங்கும் வைக்கத்தகாதவையும் சில உண்டு. பாறசாலை, வெள்ளறடை, காரக்கோணம் பக்கங்களில் சிறு ரப்பர் தோட்டம் உடையோர் பலர். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் அவ்வீடுகளில் இருக்கும். அது தோலைப் புண்ணாக்கும். அதன் ஆவி கண்ணை எரிக்கும், இரும்பை அரிக்கும். தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்த அமிலக் கலத்தை ஒரு குழந்தை எட்டி இழுத்தால் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை. கீழ்த்தட்டில் வைத்தால் குழந்தையின் கை இன்னும் எளிதாக எட்டும். ஆகவே அமிலமும் மருந்து தெளிக்க வாங்கிய துருசும் கொட்டகைக்கு வெளியே, பூட்டிய தனிப்பெட்டியில் இருக்கவேண்டும். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் தீப்பற்றினால் எளிதில் அணையா. பெட்ரோல் நிறைந்த காரின் அருகே அவற்றை அடுக்கலாகாது. இவற்றை நீக்கியபின் தட்டுகளில் இடம் கூடும். வாங்க நினைத்த ராக்குகளில் ஒன்று தேவையற்றதாகவும் ஆகலாம்.

சொற்பொருள்

பத்தாயம் – நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி
இடவப்பாதி – மலையாள இடவ மாத நடுவில் தொடங்கும் மழைக்காலம்
துருசு – மயில்துத்தம்

பயிற்சி

1. பக்கச்சுவரில் ஆழமான தட்டுகளை அமைப்பது ஏன் பொருந்தாது?
2. கொட்டகையின் அகலம் 2.75 மீட்டர், காரின் அகலம் 1.5 மீட்டர். ஓட்டுநர் இறங்க முக்கால் மீட்டர் விட்டபின் 30 சென்டிமீட்டர்த் தட்டு அமைத்தால் எஞ்சும் இடம் எவ்வளவு? பக்கக் கண்ணாடிக்கு 20 சென்டிமீட்டர் வேண்டுமெனில் அது போதுமா?
3. ‘முட்டாது’, ‘அணையா’, ‘மறைக்கலாகாது’ – இவற்றைச் சொந்த வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
4. வீட்டு முதியவரிடம் கேட்டு, அவர் இளமையில் பரணில் வைக்கப்பட்ட பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக.