காரின் எண்ணெய் வடிகட்டி: எதைத் தேர்ந்தெடுப்பது?

மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டும். 'ஆயில் பில்டர் கொடுங்கள்' என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் மூன்று தகர டப்பாக்களை எடுத்து வைக்கிறார். மூன்றும் ஒரே உயரம், ஒரே பருமன், அடியில் ஒரே மாதிரி ரப்பர் வளையம். விலையில் மட்டும் பெரிய வேறுபாடு.

'எல்லாம் ஒன்றுதான், எது வேண்டுமானாலும் பொருந்தும்' என்கிறார் அருகில் நிற்பவர். 'விலை கூடினால் தரமும் கூடும்' என்கிறார் இன்னொருவர். 'துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது' என்கிறார் மூன்றாமவர். இவர்களில் யார் சொல்வது சரி? விடை காண நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. அழுத்தம், பாகியல், திருகின் புரியிடைத் தூரம் ஆகிய பள்ளிப் பாடங்களே போதும்.

எண்ணெயில் அழுக்கு எப்படி வருகிறது?

எஞ்சினில் சுழலும் கிராங்க் தண்டு, அதைத் தாங்கும் பேரிங்கை நேரடியாகத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. தண்டு உண்மையில் அந்தப் படலத்தின் மீதுதான் மிதக்கிறது. படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் விட்டம் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைவில் கொண்டால், இப்படலம் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

இந்த எண்ணெயில் மூன்று வகை அழுக்குகள் சேர்கின்றன. தேய்மானத்தால் வரும் உலோகத் துகள் ஒன்று. காற்றோடு உள்ளே நுழையும் மணல் தூசி மற்றொன்று. எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி மூன்றாவது. இவற்றுள் கொடியது மணல் தூசியே. மணலில் உள்ள குவார்ட்ஸ் மிகக் கடினமானது. பேரிங்கின் உட்பூச்சோ மென்மையான உலோகம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். படலத்தைவிட மிகச் சிறிய துகள் எண்ணெயோடு வழுக்கிச் சென்றுவிடும். மிகப் பெரிய துகள் இடைவெளிக்குள் நுழையவே முடியாது. படலத்தின் தடிமனை ஒத்த துகள்தான் உள்ளே புகுந்து இருபுறமும் கீறும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் குப்பையைப் பிடித்தால் மட்டும் போதாது. 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள, கண்ணுக்குப் புலனாகாத துகள்களைப் பிடிப்பதே வடிகட்டியின் முதன்மையான பணி.

தொடக்க காலக் கார்களில் இவ்வசதி இல்லை. அடிக்கடி எண்ணெயை மாற்றுவதே வழியாக இருந்தது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்பவர் 1923இல் கார் எஞ்சினுக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் வடிகட்டி இடம்பெற்றது. எண்ணெயில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து வடிகட்டுவது அக்கால முறை. பின்னர் வந்த முறையில், பம்பிலிருந்து புறப்படும் எண்ணெய் முழுவதும் முதலில் வடிகட்டிக்குள் சென்று, பிறகே பேரிங்குகளுக்குப் போகிறது. இன்றைய கார்களில் இருப்பது இந்த முறையே.

டப்பாவின் உள்ளே

தகர டப்பாவை அறுத்துப் பார்த்தால், உள்ளே விசிறி மடிப்பாக மடிக்கப்பட்ட தடித்த காகிதம் வளைத்து வைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் வெளிப்புறத்திலிருந்து காகிதத்தின் ஊடே நுழைந்து, நடுக்குழாய் வழியாக வெளியேறும். ஏன் இத்தனை மடிப்பு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் உள்ள வெறும் காகித உருளையின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 113 சதுர செ.மீ. அதே இடத்தில் 150 செ.மீ. நீளமுள்ள காகிதத்தை மடித்து வைத்தால் பரப்பு 900 சதுர செ.மீ.; அதாவது எட்டு மடங்கு. நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் ஓடுவதாகக் கொள்வோம். வெறும் உருளையில் எண்ணெய் வினாடிக்கு ஏறத்தாழ 3 செ.மீ. வேகத்தில் காகிதத்தைத் தாக்கும். மடித்த காகிதத்தில் அவ்வேகம் வினாடிக்கு 0.4 செ.மீ.க்கும் குறைவு. வேகம் குறைந்தால் தடை குறையும். அழுக்கைத் தாங்கும் இடமும் கூடும்.

காகிதத்தைத் தவிர உள்ளே இரண்டு சிறிய வால்வுகளும் உண்டு. ஒன்று, ரப்பரால் ஆன தடுப்பு வால்வு. எஞ்சின் நின்றபின் வடிகட்டியில் உள்ள எண்ணெய் வழிந்து கீழே போய்விடாமல் இது தடுக்கிறது. இல்லாவிட்டால், மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பும்போது டப்பா மீண்டும் நிறையும்வரை பேரிங்குகளுக்கு எண்ணெய் கிடைக்காது. மற்றொன்று, வில்சுருளால் அழுத்தி மூடப்பட்ட மாற்றுவழி வால்வு. இதுவே நம் கதையின் முக்கியப் பாத்திரம்.

அடைபட்டால் என்ன ஆகும்?

தேநீர் வடிகட்டி அடைபட்டால் தேநீர் வெளியே வழியும், அவ்வளவுதான் நட்டம். எஞ்சினில் வடிகட்டி அடைபட்டு எண்ணெய் நின்றுவிட்டால், சற்று நேரத்தில் உலோகமும் உலோகமும் உரசிச் சூடேறி எஞ்சின் இறுகிவிடும். எனவேதான், காகிதத்தின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு வரம்பைத் தாண்டியதும் மாற்றுவழி வால்வு திறந்துகொள்கிறது. அப்போது எண்ணெய் காகிதத்தைத் தொடாமலே பேரிங்குக்குப் போகும். எண்ணெயே இல்லாமல் இருப்பதைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்பது இதன் தத்துவம்.

ஆனால், வால்வு திறந்திருக்கும் வரை வடிகட்டி இருந்தும் இல்லாததற்குச் சமம்! ஆகவே நம் கேள்வி இப்படி மாறுகிறது: எந்த வடிகட்டியில் இந்த வால்வு அடிக்கடி திறக்கும்?

பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, டிஷோன் நகரின் குடிநீர்த் திட்டத்தை ஒட்டி, மணல் வழியே நீர் கசிவதை ஆராய்ந்து 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். இன்று நாம் பயன்படுத்தும் வடிவில் அதன் சாரம் இது: குறிப்பிட்ட அளவு திரவம் ஓடத் தேவையான அழுத்த வேறுபாடு, திரவத்தின் பாகியலுக்கு நேர்விகிதத்திலும், வடிகட்டும் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

இதைக் காருக்குப் பொருத்துவோம். எஞ்சின் சூடாகி எண்ணெய் 100 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது, புதிய வடிகட்டியில் அழுத்த வேறுபாடு 0.1 வளிமண்டலம் என்று கொள்க. வால்வு 1 வளிமண்டலத்தில் திறக்கட்டும். சாதாரண எஞ்சின் எண்ணெயின் பாகியல் 40 டிகிரியில் ஏறக்குறைய 6 மடங்கு ஆகிறது. எனவே அழுத்த வேறுபாடு 0.6, வால்வு மூடியே இருக்கும். இப்போது வடிகட்டி பழையதாகிப் பாதிப் பரப்பு அடைபட்டுவிட்டது என்க. அழுத்த வேறுபாடு இருமடங்காகி 1.2 ஆகும். வால்வு திறந்துவிடும். உதகமண்டலத்துக் குளிர்காலக் காலையில் எண்ணெய் இன்னும் கெட்டியாக இருப்பதால், நிலைமை மேலும் மோசம். குறித்த காலத்தில் வடிகட்டியை மாற்றச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

'துளை சிறிதானால் நல்லது' என்றவரின் கருத்தையும் இதே முறையில் சோதிப்போம். துளையின் ஆரத்தைப் பாதியாக்கினால், பாய்சுலேயின் விதிப்படி ஒரு துளை வழியே செல்லும் திரவம் பதினாறில் ஒரு பங்காகும். அதே பரப்பில் நான்கு மடங்கு துளைகளை வைக்கலாம் என்றாலும், மொத்த ஓட்டம் நான்கில் ஒரு பங்குதான். அதே ஓட்டம் வேண்டுமானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காக வேண்டும்: 0.1 என்பது 0.4 ஆகும், 40 டிகிரியில் அதுவே 2.4! மிக நுண்ணிய வடிகட்டி, வால்வைத் திறந்துவைத்துக்கொண்டு எதையும் வடிகட்டாமல் இருக்கும். மூன்றாமவர் சொன்னது தவறு. அல்லது பாதிதான் சரி. துளையைச் சிறிதாக்கினால் பரப்பைக் கூட்ட வேண்டும். அல்லது இழையை மெல்லியதாக்க வேண்டும். விலை கூடிய சில வடிகட்டிகளில் மரக்கூழ்க் காகிதத்துக்குப் பதிலாக, அதைவிட மெல்லிய செயற்கை இழைகளைப் பயன்படுத்துவது இதற்காகவே. இழை மெலிந்தால் இழைகளுக்கு இடையே வெற்றிடம் கூடுகிறது.

'20 மைக்ரான்' என்றால் என்ன?

டப்பாவின் மேல் வெறுமனே '20 மைக்ரான் வடிகட்டி' என்று இருந்தால் அதற்குப் பொருளே இல்லை. 20 மைக்ரான் துகள்களில் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கும் என்பதும் தெரிய வேண்டும். ஒரு வடிகட்டி 50 விழுக்காடு, அடுத்தது 95, மூன்றாவது 99 விழுக்காடு பிடிப்பதாகக் கொள்வோம். ஆயிரம் துகள் வந்தால், தப்பிச் செல்பவை முறையே 500, 50, 10. 95க்கும் 99க்கும் நான்குதான் வேறுபாடு என்று தோன்றும். ஆனால் தப்பும் துகள்களின் எண்ணிக்கையில் ஐந்து மடங்கு வேறுபாடு! இதனால்தான் பொறியாளர்கள் உள்ளே வந்தவற்றைத் தப்பியவற்றால் வகுத்து, 'பீட்டா விகிதம்' என்று குறிக்கிறார்கள். மேற்கண்ட மூன்றுக்கும் அது முறையே 2, 20, 100. இதை அளக்கும் பன்னாட்டுச் சோதனை முறைக்கு ஐ.எஸ்.ஓ. 4548-12 என்று பெயர்.

சில நாளில் எண்ணெய் கறுத்துவிட்டால், 'வடிகட்டி சரியில்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கறுப்பாக்குவது கரித்துகள். அதன் அடிப்படைத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் மிகக் குறைவானவை. எந்தக் காகிதமும் அவற்றைப் பிடிக்காது. அவற்றை ஒன்றுகூடாமல் மிதக்கவைக்கும் வேதிப்பொருள்கள் எண்ணெயிலேயே கலக்கப்படுகின்றன. அவற்றை வெளியேற்ற எண்ணெயை மாற்றுவதே வழி.

'எது வேண்டுமானாலும் பொருந்தும்' என்பது ஆபத்து

முதலாமவரின் கூற்றுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வடிகட்டியின் மரையில் இரு அளவுகள் பரவலாக உள்ளன. ஒன்று, 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்டது. மற்றொன்று, முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 புரிகளும் கொண்டது, அதாவது 19.05 மி.மீ. விட்டம், 1.59 மி.மீ. புரியிடைத் தூரம். கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கடினம். அங்குல மரை ஆணியில் 20 மி.மீ. வடிகட்டியைத் திருகினால் அது தளர்வாக ஏறும். இறுகியது போலவும் தோன்றும்.

அதன்மேல் செயல்படும் விசையைக் கணக்கிடுவோம். ரப்பர் வளையத்தின் விட்டம் 6.2 செ.மீ. என்றால் பரப்பு 30 சதுர செ.மீ. எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 40 நியூட்டன் என்க. விசை 1200 நியூட்டன். ஏறத்தாழ 122 கிலோகிராம் நிறையின் எடை! இரண்டு ஆட்களைத் தாங்க வேண்டிய மரை, நுனியளவே பற்றியிருக்கிறது. ஓடும்போது அது கழன்றால் எண்ணெய் முழுவதும் சாலையில்தான். சூடான பகுதியில் தெறித்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

இன்னொன்று: சில எஞ்சின்களில் மாற்றுவழி வால்வு டப்பாவிலேயே இருக்கும்; சிலவற்றில் எஞ்சினின் உடலில் இருக்கும். இரண்டாம் வகைக்கு உரிய வால்வில்லாத டப்பாவை முதல் வகை எஞ்சினில் பொருத்தினால், அடைபடும் நாளில் எண்ணெய்க்கு வழியே இருக்காது.

எனவே எதை வாங்குவது?

1. காரின் கையேட்டில் கண்ட பாக எண்ணுக்கு உரியதையே கேளுங்கள். பார்வைக்கு ஒத்திருப்பது போதாது.

2. போலிகள் சந்தையில் உண்டு. அச்சு மங்கிய பெட்டி, வழக்கத்தை மீறிய மலிவு ஆகியவற்றைக் கண்டால் ஒதுக்குங்கள். தெரிந்த கடையில், பட்டியலோடு வாங்குங்கள்.

3. செயல்திறன் விழுக்காடும் மைக்ரானும் சேர்ந்து தரப்பட்டிருந்தால் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள்.

4. அடித்துளை வழியே பாருங்கள். தடுப்பு வால்வின் ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும்.

5. பொருத்துமுன் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் கசிவு நிச்சயம்.

6. கழற்றிய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அது நிலத்தடி நீரைக் கெடுக்கும். மூடிய கலத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்குச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு வடிதாள்களை எடுங்கள். ஒன்றை வழக்கமான கூம்பாக மடியுங்கள். மற்றதை விசிறி மடிப்பாக மடித்துப் பிரித்துப் புனலில் வையுங்கள். மஞ்சள் தூள் கலந்த நீரை இரண்டிலும் சம அளவு ஊற்றி, வடியும் நேரத்தைக் குறியுங்கள். அடுத்து, மெல்லிய துணி ஒன்றின் வழியே விளக்கெண்ணெயை ஊற்றி நேரம் பாருங்கள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கி மீண்டும் செய்யுங்கள். எண்ணெயை அடுப்பில் வைக்க வேண்டாம்.

சிந்தனைக்கு

1. ரப்பர் வளையத்தின் விட்டம் 8 செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு 30 நியூட்டன். வடிகட்டியின் மேல் விசை எவ்வளவு?

2. சில 100 சிசி மோட்டார் சைக்கிள்களில் காகித வடிகட்டி இல்லை. கிராங்க் தண்டோடு சுழலும் கிண்ணம் ஒன்றே அழுக்கைப் பிரிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று, ஆரம் 3 செ.மீ. எனில், துகளின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு?

3. பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஓட்டிய பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களுக்கு எண்ணெய் வடிகட்டி ஏன் தேவைப்படவில்லை?

விடைகள்: 1. ஏறத்தாழ 1500 நியூட்டன். 2. ஏறத்தாழ 1200 மடங்கு. 3. அந்த எண்ணெய் திரும்பச் சுற்றி வருவதில்லை. பெட்ரோலோடு எரிந்து வெளியேறிவிடுகிறது.