கடன் வாங்கும் முன் கணக்குப் போடுவோம்

மைசூருக்கு அருகே உள்ள ஊர் நஞ்சன்கூடு. அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா கூலி வேலை செய்கிறார். மகள் பி.யு.சி. தேறிவிட்டாள். அது பிளஸ் டூ போன்றது. மைசூரில் பட்டப்படிப்பு படிக்க அவளுக்கு ஆசை.

"ஒரு லட்சம் கடன் வாங்கலாம், அம்மா. வேலைக்குப் போய் நான் அடைத்துவிடுவேன்" என்றாள் மகள்.

"நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி கேட்கிறார்கள், கண்ணு. முதலில் கணக்குப் போடு" என்றார் அம்மா.

மகள் எழுதினாள்.

நூறு ரூபாய்க்கு மாத வட்டி 3 ரூபாய்.
ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 3,000 ரூபாய்.
ஓர் ஆண்டுக்கு 36,000 ரூபாய்.
மூன்று ஆண்டுக்கு 1,08,000 ரூபாய்.

படிப்பு முடியும்போது வட்டியே அசலை மிஞ்சிவிடும்! மகள் திகைத்துப் போனாள்.

"இவ்வளவு பணம் எதற்கு வேண்டும்? அதையும் எழுது" என்றார் அம்மா.

கல்லூரிக் கட்டணம், சாப்பாடு, தங்கும் இடம், பேருந்து என்று மகள் எழுதினாள். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும்தான் செலவு அதிகம்.

மைசூரின் பழைய வழி

இந்தக் கவலை புதிதல்ல. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டு தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் படிக்க வந்தனர். சிலருக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை. அந்தக் காலத்தில் 'வாரான்னம்' என்ற வழக்கம் இருந்தது. ஞாயிறு ஒரு வீட்டில் சாப்பாடு. திங்கள் வேறு வீட்டில். ஏழு நாளுக்கு ஏழு வீடு. ஆனால் இதில் சாதி பார்ப்பதும் இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைக்கவில்லை.

பிறகு இலவச விடுதிகள் வந்தன. சுத்தூர் மடத்தின் தலைவர் சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் 1941-இல் மைசூரில் ஓர் இலவச விடுதி தொடங்கினார்.

இன்றைய வழிகள்

இன்று அரசே விடுதிகள் நடத்துகிறது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்கு விடுதிகள் உண்டு. விடுதியில் இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கு 'வித்யாசிரி' உதவி உண்டு. தொடக்கத்தில் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 10 மாதம் தந்தார்கள். கல்வி உதவித்தொகையும் உண்டு.

கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. நஞ்சன்கூட்டிலிருந்து மகள் தினமும் மைசூர் போய் வரலாம். வீட்டுச் சாப்பாடு. பேருந்துச் செலவும் இல்லை.

இதற்கெல்லாம் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முன்பே தயாராக வைக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். இது நம் வரிப்பணம்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால்

அப்போது வங்கிக்குப் போகலாம். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். பொதுவாக, படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துக் கட்டத் தொடங்கலாம். ஆனால் வட்டி முதலிலிருந்தே ஏறும். வட்டி வங்கிக்கு வங்கி மாறும். நூற்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் என்றால், ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டு வட்டி 30,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், சில படிப்புகளுக்குப் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு கட்டும். வங்கியில் கேளுங்கள்.

மகள் தன் பட்டியலை மறுபடி பார்த்தாள். சாப்பாடு, தங்கும் இடம், பேருந்து மூன்றையும் அடித்தாள். மீதி இருந்தது கட்டணமும் புத்தகமும்தான்.

"இதற்கு ஒரு லட்சம் வேண்டாம், அம்மா" என்றாள்.

கணக்குப் போடுங்கள்

1. கடன் 50,000 ரூபாய். நூற்றுக்கு மாத வட்டி 2 ரூபாய். மூன்று ஆண்டு வட்டி எவ்வளவு?
2. மாதம் 1,500 ரூபாய் வீதம் 10 மாதம் தந்தபோது, வித்யாசிரி உதவி ஓர் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு?
3. உங்கள் ஊருக்கு அருகே உள்ள அரசு மாணவர் விடுதி எது?