மிச்சக் காசும் அமானிதமும்

கடையில் பொருள் வாங்கிப் பணம் கொடுக்கும்போது, "மிச்ச ரூபாயைப் பசித்தவர்களுக்குக் கொடுக்கிறீர்களா?" என்று காசாளர் கேட்கும் வழக்கம் உலகின் பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளில் பரவியிருக்கிறது. ஓமந்தைப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வர்த்தகச் சகோதரர்கள் சிலர், "இது நமது கடைக்குச் சரிவருமா?" என்று என்னிடம் கேட்டார்கள். சரிவரும் என்பதே எனது பதில். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. இந்த வாரம் அவற்றைப் பார்ப்போம்.

முறைகள் மூன்று

முதலாவது, உண்டியல். இரண்டாவது, பில் தொகையை முழு ரூபாயாக்கி மேலதிகத்தைத் தருமத்துக்கு ஒதுக்குவது. பில் 487 ரூபா என்றால் 490 ஆக எடுத்து, 3 ரூபாவை ஒதுக்குவார்கள். மூன்றாவது, 10 ரூபா, 20 ரூபா என்று ஒரு நிலையான தொகையைக் கேட்பது.

அமெரிக்காவில் முதலாவது உணவு வங்கி 1967இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் தொடங்கியது. இன்று அத்தகைய வங்கிகளை இணைக்கும் 'ஃபீடிங் அமெரிக்கா' அமைப்புக்காக வோல்மார்ட் நிறுவனம் 2014 முதல் தனது கடைகளில் ஆண்டுதோறும் இவ்வாறு பணம் சேர்க்கிறது. பசி, நோய், கல்வி என்று எல்லா நோக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், தலா 10 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிய கடை வசூல்களின் மொத்தம் 2022இல் 74 கோடியே 90 இலட்சம் டொலர். அத்தனையும் சில்லறையாகச் சேர்ந்த பணம்.

மனிதர் ஏன் கொடுக்கிறார்கள்? 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அதே தொகையைத் தனியாகக் கேட்பதை விட, "முழுத் தொகையாக்கி மிச்சத்தைக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் கொடுப்பவருக்கு வலி குறைவாகத் தெரிகிறதாம். மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி வாங்கிப் பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நமக்குப் புதிதல்ல

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் எமது தாய்மாருக்குத் தெரிந்ததுதான். இந்தியாவின் மிசோரம் மாநிலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910இல் இதே முறையைத் தொடங்கினார்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் அது நிற்கவில்லை. ஏழை வீடுகளின் கைப்பிடி அரிசி அங்கே பெரும் நிதியாகிவிட்டது. கொடுக்கும் அளவு சிறியது, கொடுக்கும் நேரம் மாறாதது, சேர்ந்தது எங்கே போகிறது என்பது ஊருக்குத் தெரியும். இந்த மூன்றும்தான் அதன் பலம். கடை உண்டியலுக்கும் இவையே வேண்டும்.

ஓமந்தை அறிந்த பசி

உணவு வராத பாதை எப்படியிருக்கும் என்பதை ஓமந்தைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2002 யுத்த நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்தபோது, அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லைச் சோதனைச்சாவடி இங்கேதான் இருந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலை வழி மூடப்பட்டது. 2008 ஒக்டோபரில் உலக உணவுத் திட்டத்தின் லொறிகள் வன்னிக்குள் போனதும் இவ்வழியே. 2009இல் எல்லாவற்றையும் இழந்து வந்த மக்கள் இதே ஓமந்தையைக் கடந்துதான் செட்டிகுளம் முகாம்களுக்குச் சென்றார்கள். சோதனைச்சாவடி 2015இல் அகற்றப்பட்டது.

பிறகு வந்தது வேறுவகைப் பஞ்சம். கடையில் சாமான் இருந்தது, வாங்கக் காசில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்று ஐ.நா. நிறுவனங்கள் அவ்வாண்டு மதிப்பிட்டன. மறு ஆண்டில் அது 39 இலட்சமாகக் குறைந்தது.

இந்தக் கணக்கை ஐ.நா.வுக்கு முன்பே அறிந்தவர் கடைக்காரர். ஒரு கிலோ பருப்பு வாங்கியவர் 250 கிராமுக்கு வருகிறார். பிறகு 100 கிராம். பிறகு பிள்ளையை அனுப்புகிறார். கடன் கொப்பியில் ஒரு பெயருக்கு எதிரே எழுதுவது நின்றுபோனால், அந்த வீட்டில் வசதி வந்துவிட்டது என்று பொருளல்ல. கேட்கக் கூச்சம் வந்துவிட்டது என்று பொருள். எந்த நிறுவனத்திடமும் இல்லாத தகவல் இது. அதனால்தான் பெரிய சுப்பர் மார்க்கெட்டை விடச் சிறு கடைக்கு இந்த வேலை பொருந்தும் என்கிறேன்.

பணம் யாருடையது?

பாடத்தின் முக்கிய பகுதி இதுதான். வாடிக்கையாளர் தரும் அந்த 3 ரூபா கடையின் வருமானமல்ல. கணக்கில் அதை விற்பனையோடு சேர்க்கக் கூடாது. கடை பிறருக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பாகவே எழுத வேண்டும். எமது வழக்கில் சொன்னால் அது அமானிதம். அன்றைக்கு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் காசு குறைகிறது என்று இரண்டு நாளுக்கு அதில் கைவைப்பதும் கூடாது. அந்தத் தருமத்தை முதலாளி தன் பெயரில் கொடுத்ததாகக் காட்டுவதும் கூடாது. கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். கடை வெறும் கைதான்.

இன்னொரு நுணுக்கம். சேர்ந்த பணத்துக்கு உங்கள் கடையிலேயே அரிசி எடுத்தால் விலை என்ன? சில்லறை விலை போட்டால் தருமத்திலிருந்து உங்களுக்கு இலாபம் வருகிறது. கொள்விலைக்கே கொடுங்கள். முடியாவிட்டால் வேறு கடையில் வாங்குங்கள். இதில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் உண்டியல் மட்டுமல்ல, கடையின் பெயரும் போய்விடும்.

ஒரு சிறு கணக்கு

உதாரணத்துக்கு, நாளொன்றுக்கு 150 பேர் வரும் கடை. மூவரில் ஒருவர் 5 ரூபா போட்டால் 250 ரூபா. மாதம் 26 நாளில் 6,500 ரூபா. அரிசி கிலோ 230 ரூபா என்று வைத்தால் 28 கிலோ. மூன்று பேருள்ள ஒரு வீட்டின் ஒரு மாதச் சோறு ஏறத்தாழ இவ்வளவுதான். பத்துக் கடைகள் சேர்ந்தால் பத்து வீடுகள். ஏ9 வீதியோரக் கடைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகும் பயணிகள் தேநீருக்கு இறங்குகிறார்கள். அவர்களின் மிச்சக் காசு இந்த ஊரின் ஏழைகள் மீது சுமையாகாது.

"வாங்க வருபவரே ஏழை. அவரிடம் எப்படிக் கேட்பது?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே வாயால் கேட்க வேண்டாம். கடனுக்கு வாங்குபவர் நிற்கும்போது உண்டியலைச் சுட்டவும் வேண்டாம். வரிசையில் நிற்பவர் முன்னால் 'இல்லை' என்று சொல்ல வைப்பது தருமமல்ல, நெருக்குவாரம். பெட்டி இருக்கட்டும். எழுத்து தெளிவாக இருக்கட்டும். விரும்பியவர் போடட்டும்.

தொடங்குவோருக்கு

1. கேட்பதற்கு முன் முதலாளி தன் பங்கைப் போடட்டும். மாதம் சேரும் தொகைக்குச் சமமாகத் தானும் கொடுத்தால் இன்னும் நல்லது.

2. உண்டியலின் சாவி கடைக்கு வெளியே, ஊர் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். திறக்கும்போது குறைந்தது மூவர் இருக்கட்டும். ஒரே மதத்தவராக இருக்க வேண்டியதில்லை. பசிக்கு அந்தப் பிரிவு தெரியாது.

3. மாதம் எவ்வளவு சேர்ந்தது, என்ன வாங்கப்பட்டது, எத்தனை வீடுகளுக்குப் போனது என்று மூன்று வரி எழுதிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பெயர்களை எழுத வேண்டாம்.

4. படம் பிடிக்காதீர்கள். பொதியை மற்றவர்களின் சாமான் பையைப் போன்ற சாதாரணப் பையிலேயே கொடுங்கள்.

5. மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். முதல் மாதம் சுவரில் 800 ரூபா என்று எழுத நேர்ந்தால் வெட்கப்படாமல் அதையே எழுதுங்கள். அந்த 800 ரூபா சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று ஊர் கண்டால்தான் அடுத்த மாதம் கூடும்.

வியாபாரத்தில் நம்பிக்கையே முதல் என்பார்கள். தராசும் விலையும் அதைக் காட்டுகின்றன. தன்னுடையதல்லாத காசை ஒரு கடை எப்படிக் காக்கிறது என்பது அதை இன்னும் தெளிவாகக் காட்டும்.