பில் போடும் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டலாமா?

திருவல்லிக்கேணி வணிகர்கள் கம்ப்யூட்டர் வாங்கவோ, பழுது பார்க்கவோ கிளம்பினால் கால்கள் தாமாக ரிச்சி தெருவுக்குத்தான் போகும். புதிதாக வாங்கச் செலவு அதிகம் என்று தயங்கும் நேரத்தில், "இருப்பதையே வேகமாக்கிக் கொள்ளலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்வார்கள். இதற்கு ஓவர்கிளாக் செய்வது என்று பெயர். புராசஸர் ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பில் ஓட வேண்டும் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கிறாரோ, அதைவிடக் கூடுதலாக ஓட்டுவதே இது.

குறித்த வேகத்துக்கு மேல் எப்படி ஓடும் என்ற கேள்வி எழலாம். முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மரத்துக் கொட்டையைத்தான் 180, 240, 320 என்று தரம் பிரிக்கிறோம். புராசஸர் சில்லுகளும் ஒன்றாகத் தயாரிக்கப்பட்டு, சோதித்த பின்பே வேகம் வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. குறைந்த விலைச் சரக்குக்குத் தேவை அதிகமானால் உயர்ந்த தரமும் அந்தப் பெயரிலேயே வெளிவரும். 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்குப் பேர்போன உதாரணம். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 4.5ஆல் பெருக்கி 300 என்று விற்றார்கள். பஸ்ஸை 100க்கு மாற்றியதும் அது 450இல் ஓடியது. பலருக்கு மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

இதே இடைவெளியில் கள்ள வியாபாரமும் நுழைந்தது. 1990களில் உலகின் பல சந்தைகளில் சில்லின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடுதல் வேகத்தை அச்சிட்டு விற்றார்கள். எடைக்கல்லில் கைவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. பிறகு இன்டெல் பெருக்கு எண்ணைப் பூட்டிவிட்டது. 2011க்குப் பின் வந்த இன்டெல் சில்லுகளில், பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ளவற்றைத்தான் பெரும்பாலும் இப்படி ஏற்ற முடியும்; அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசன் சில்லுகள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. ஆகவே உங்கள் கடையில் இருப்பது சாதாரண ஐ3, ஐ5 என்றால், வேகத்தை ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் எப்படி என்று விவரம் கேளுங்கள்.

அடுத்தது சூடு. புராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். வேகத்தை 10 சதவீதமும் மின்னழுத்தத்தை 10 சதவீதமும் கூட்டினால் மின்செலவு ஏறக்குறைய 33 சதவீதம் கூடுகிறது. 65 வாட் என்பது 86 வாட் ஆகும். அத்தனையும் சூடாக வெளியேற வேண்டும். மளிகைக் கடையிலோ மிளகாய்த்தூளும் கோதுமை மாவும் சாக்கு நாரும் ஹீட்சிங்க் இடுக்குகளில் படிந்து காற்றை அடைத்துவிடும். நம் பகுதியில் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து அதைப் பிசின்போல் ஒட்ட வைக்கும். மார்கழி இரவில் 25 டிகிரியில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், அக்னி நட்சத்திர மதியம் 38 டிகிரியில் தடுமாறுவதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம். வெளியே 13 டிகிரி ஏறினால் சில்லிலும் ஏறக்குறைய அதே அளவு ஏறும்.

தடுமாறி நின்றுவிட்டால் ஒருவகையில் நல்லதே, கண்ணுக்குத் தெரிகிறது. நிற்காமலே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் ஆபத்து. இருப்புக் கோப்பிலோ கடன் பேரேட்டிலோ ஓர் எண் மாறி விழுந்தால், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் நாள்வரை அது யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் பில் போடும் வேலையில் புராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. நம் விரலுக்கும் பிரின்டருக்கும் அது காத்திருக்கிறது. கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர் மந்தமாக இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேம் குறைவாக இருந்தால் கூட்டுங்கள். அதன் புராசஸரைத் தொட வேண்டாம் என்பதே நமது கருத்து.

வீட்டில் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பதானால் தடை சொல்ல மாட்டோம். முதலில் தூசியை ஊதித் தள்ளி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட்டு, முழு வேலை கொடுத்துச் சூடு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே 85 டிகிரியைத் தொட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பயாஸில் உள்ள பழைய அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரேம் வேகத்தை மாற்றாமல், பெருக்கு எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் பிரைம் 95 நிரலை ஓட்டுங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அது. ஒரு பிழை காட்டினாலும் அந்தப் படி தேறவில்லை என்று பொருள். மின்னழுத்தத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், அதுவும் 0.01 வோல்ட் அளவில். 'ஆட்டோ' என்று விட்டால் சில மதர்போர்டுகள் தேவைக்கு மேல் கொடுத்துவிடும்.

மின்னழுத்தம் கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நிறுவனமே சாட்சி. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சில்லுகள் பல நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்கப்பட்டதே காரணம் என்று 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸ் புதுப்பிப்பு மேலும் கெடாமல் தடுத்தது. ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யவில்லை. நாமாக ஏற்றிக் கெடுத்ததற்கோ உத்தரவாதம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

கிடைத்த உச்ச வேகத்திலிருந்து ஒரு படி இறக்கி வைத்து, ஓர் இரவு முழுதும் சோதியுங்கள். கோடை மதியத்தில் மறுபடியும் ஒருமுறை. கம்ப்யூட்டர் கிளம்பவே மறுத்தால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டின் கையேட்டில் காட்டியபடி சி.மாஸ். நினைவை அழித்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது, பயாஸ் திரையில் ஓடும் வேகத்தையும் அந்தச் சில்லுக்குத் தயாரிப்பாளர் குறித்த வேகத்தையும் விற்பவர் எதிரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் இயல்பு நிலைக்கு மாற்றச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.