பாசியைத் தனியே வளர்க்காதே

அன்புள்ள தம்பிக்கு,

குளோரெல்லா பாசி வளர்க்கும் ஃபிளாஸ்க்கில் பாக்டீரியா புகுந்துவிட்டது, ஆன்டிபயாட்டிக் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பொறு. வந்தது யார் என்று முதலில் பார். ஒரு துளியை அகார் தட்டில் கோடிட்டுப் பிரித்து வை.

பாசி தனித்து வாழ்வது ஆய்வகத்தில் மட்டும்தான். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் பச்சைத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார், பாசிசெல்லை ஒட்டி பாக்டீரியா மொய்த்திருக்கும். பாசி விடும் ஆக்சிஜனும் சர்க்கரையும் அதற்கு. அது விடும் கரியமில வாயு பாசிக்கு. 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 326 பாசி இனங்களின் தகவல்களை அலசினார்கள். அவற்றில் 171க்கு வைட்டமின் பி12 வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதை பாக்டீரியா தரமுடியும் என்றும் காட்டினார்கள்.

உன் குளோரெல்லா வல்காரிஸுக்கு பி12 தேவையில்லை. அதற்கு வேறு துணை உண்டு: நம் விவசாயிகள் நெல் நாற்றின் வேரை நனைக்கிறார்களே, அந்த அசோஸ்பைரில்லம் பாக்டீரியா. மெக்சிகோவில் பஷான் குழுவினர் இரண்டையும் ஆல்ஜினேட் ஜெல் மணிகளில் சேர்த்து அடைத்தார்கள். பாக்டீரியா சுரக்கும் ஐஏஏ ஹார்மோனால் பாசி பெருகியது, கொழுப்பும் கூடியது.

இதைப் படித்ததும் மகசூல் கூடியதாக எழுதிவிடாதே. உலர் எடையில் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். கொழுப்பைப் பிரிக்கும் கரைப்பானில் பாக்டீரியாவின் கொழுப்பும் கரைந்து வரும். ஹீமோசைட்டோமீட்டரில் பாசிசெல்லைத் தனியாக எண்ணு. பாசி மட்டும் ஒன்று, உயிருள்ள பாக்டீரியாவோடு ஒன்று, பாக்டீரியா வளர்ந்த திரவத்தை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடித்துச் சேர்த்தது ஒன்று என மூன்றையும் அருகருகே வை. பலன் பாக்டீரியா சுரந்த பொருளாலா, உயிருள்ள பாக்டீரியாவாலா என்பதை மூன்றாவதுதான் பிரித்துக் காட்டும். மூன்றாவது இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன்.

எண்ணெய்ச் சதவீதத்திலும் மயங்காதே. நைட்ரஜனைக் குறைத்தால் பாசியின் உலர் எடையில் எண்ணெய் 40 சதவீதம்கூட ஆகலாம், ஆனால் வளர்ச்சி படுத்துவிடும். லிட்டருக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வளர்ந்து 40 சதவீதம் என்றால் எண்ணெய் 20 மில்லிகிராம். 200 வளர்ந்து 20 சதவீதமே என்றாலும் 40 மில்லிகிராம்.

மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரிப் பாசி ஆய்வாளர்கள் ராணிப்பேட்டை ஆல்ஜினேட் ஆலையின் அமிலக் கழிவுநீரைத் திறந்த தொட்டியில் பாசி கொண்டு சுத்திகரித்தவர்கள். அங்கே போய்ப் பேசு. பிறகு மொட்டைமாடியில் ஒரு தொட்டி வை. ரோட்டிஃபர் வந்து பாசியை மேயும், மேகம் மூடும், வெயில் கொளுத்தும். அத்தனைக்கும் பிறகு எந்த பாக்டீரியா பாசியோடு நிலைத்திருக்கிறதோ, அதைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்து.

அன்புடன்,
உன் அண்ணன்