வேஷம் கட்டும் முன் தொண்டையைக் கவனி

அன்புள்ள மருமகனுக்கு,

இந்த வருஷம் பாரதக் கூத்தில் உனக்குத் திரௌபதி வேஷம் என்று வாத்தியார் சொன்னார். சந்தோஷம். ஆனால் ஷிப்ட் முடிந்து வரும்போதே உனக்குத் தொண்டை கம்மிக் கிடக்கிறதாம். ஒத்திகைக்குக் கிளம்பும்போது ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு ஓடுகிறாயாம். உங்கம்மா போனில் சொன்னாள்.

குடிக்கிற தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரை ஏறிவிடும். வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்த பிறகுதான் குரல்நாணுக்கு ஈரம் கிடைக்கும். அதற்கு நேரம் பிடிக்கும். ராத்திரிக் கூத்துக்கு மத்தியானத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வா. சாதாரணமாகப் பேசும்போது ஆம்பிளைக் குரல்நாண் வினாடிக்குச் சுமார் 100, 120 தடவை அடித்துக்கொள்ளும். திரௌபதிக்காக மேலே ஏறினால் 300, 400 என்று போகும். வறண்ட தொண்டை அதைத் தாங்காது. எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடாதே. மூத்திரம் வெளிறிப் போனால் போதுமான தண்ணீர் உள்ளே இருக்கிறது.

வேஷக்காரர்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். கட்டிய வேஷத்தோடு ஒதுங்க முடியாது. அதற்காக விடிய விடிய வறண்டு கிடப்பதா? முகம் எழுதி முடித்ததும், புடவை கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை போய் வந்துவிடு. அப்புறம் காட்சிக்குக் காட்சி இரண்டு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகளை நீயும் பார்த்திருப்பாய். அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். நிறையக் குடி என்று சொல்லும் நானே இதையும் சொல்ல வேண்டும்: குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வை. ஆவி பிடிக்க எந்தத் தண்ணீரும் ஆகும். அந்த ஆவிதான் குரல்நாணை நேராகப் போய்த் தொடுகிறது. வெறும் தண்ணீர் போதும், தைலம் வேண்டாம்.

இனி பயிற்சி. தொண்டையைச் சூடு பண்ணுகிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே மேல் சட்ஜத்தில் கத்தும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அதை விடு. இளநீர்க் கடையில் கொடுப்பார்களே ஸ்ட்ரா, அதில் ஒன்றை எடுத்துக்கொள். அரை டம்ளர் தண்ணீரில் நுனி இரண்டு விரல் ஆழம் முங்கட்டும். உதட்டை இறுக்கி மூடி, அதன் வழியாக 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடு. தண்ணீர் ஒரே சீராகக் கொப்பளிக்க வேண்டும். விட்டு விட்டு வந்தால் மூச்சு ஒழுங்காக இல்லை என்று அர்த்தம். கீழிருந்து மேலே வழுக்கிப் போ, அப்படியே இறங்கி வா. ஐந்து நிமிஷம் செய்தால் ஆச்சு. வாய்ப்பக்கம் அடைபட்ட காற்று திரும்பி அழுத்துவதால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி இந்த ஸ்ட்ரா பயிற்சியைப் பரப்பியவர்.

பிறகு வாயை மூடி 'ம்ம்' என்று ஹம்மிங். அதற்கப்புறம் ஆர்மோனியத்தோடு, மெதுவான காலத்தில் சரளி வரிசை. அதை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் (1484–1564) நம் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாஷையில் பாடியவர். படி தாண்டாமல் ஏறி இறங்குகிற அந்த வரிசை, தூங்கியெழுந்த தொண்டைக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

1933-இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடினார். உனக்கு மைக் இருக்கிறது. துகில் உரியும்போது அழுகையை மைக்கிடம் கொடு, தொண்டையில் பிழியாதே. சுதி எட்டவில்லை என்றால் அரைக் கட்டை குறைக்கச் சொல்ல வெட்கப்படாதே.

உன் தொண்டையைக் கெடுப்பது கூத்து இல்லை, கம்பெனி என்றுதான் எனக்குப் படுகிறது. பிரஸ் மிஷின் சத்தத்துக்கு மேலே எட்டு மணி நேரம் கத்திப் பேசுகிறாய். அங்கே சைகை காட்டு, இல்லை கிட்டப் போய்ச் சொல். செருமுவதையும் விடு, தொண்டையில் ஏதோ ஒட்டியதுபோல இருந்தால் எச்சிலை விழுங்கு. கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்காதே, அதிலும் சிரமம் உண்டு.

அதிமதுரம் வாயில் போட்டுக்கொள், இதமாக இருக்கும். ஆனால் நாள் முழுக்க மென்றால் ரத்தக்கொதிப்பு ஏறும். மரத்துப்போக வைக்கும் தொண்டை மிட்டாய் வேண்டவே வேண்டாம். வலி தெரியாமல் இன்னும் கத்துவாய். டீயை முழுக்க நிறுத்து என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஒத்திகை முடிந்து நடுராத்திரியில் பரோட்டா தின்றுவிட்டு உடனே படுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறிக் குரல்நாணைப் புண்ணாக்கும். காலையில் கரகரவென்று எழுந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படு.

இத்தனை செய்தும் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு. கருவி விட்டுக் குரல்நாணையே பார்த்துச் சொல்வார்கள். கூத்தன்று ஊசி போட்டுக் குரலைத் திறந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வலியில்லாமல் பாடிக் கிழித்துக்கொண்டால் அப்புறம் தைக்க ஆள் கிடையாது.

வாத்தியாரிடம் சுதியைப் பற்றி நான் பேசமாட்டேன். இந்தச் சனிக்கிழமை ஒத்திகையில் நீயே கேள்.

உன் மாமன்,
ராயக்கோட்டை