பூஜ்யமும் வெற்றிடமும்

பூஜ்யம் ஓர் எண். அதனைக் கூட்டவும் கழிக்கவும் உரிய விதிகளைக் கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் வகுத்தார். வெற்றிடமோ எண்ணன்று, 'விவரம் இன்னும் தெரியவில்லை' என்பதன் அடையாளம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணிப்பொறி தவறான விடையைத் தரும்; தவறென்று சொல்லாமலே தரும். இதனை நான் பட்டறிந்தேன்.

எங்கள் வகுப்பில் நாற்பது பேர். மாதிரித் தேர்வு மதிப்பெண்களைத் தரவுத்தளத்தில் ஏற்றி இரண்டு பட்டியல்கள் எடுக்குமாறு ஆசிரியர் பணித்தார். 40 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்றவர்கள் ஒன்றில். 40-க்குக் குறைந்து மறுதேர்வு எழுத வேண்டியவர்கள் மற்றொன்றில். முதலாவதில் 27 பேர், இரண்டாவதில் 12 பேர் வந்தனர். கூட்டிப் பாராமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். மாலையில் நண்பன் ஒருவன் வந்து, "என் பேரு ரெண்டு லிஸ்ட்லயும் இல்லையேடா!" என்றான். காய்ச்சலால் தேர்வுக்கு வராதவன் அவன். மறுதேர்வு மறுநாள் காலை!

பெயர் விடுபட்டது ஏன்?

தொடர்புசார் தரவுத்தள முறையை 1970-இல் வெளியிட்ட ஐ.பி.எம். அறிஞர் காட், 1979-இல் எழுதிய கட்டுரையில் வெற்றுப் புலங்களுக்கு மூன்று நிலைத் தருக்கத்தை விளக்கினார். மெய், பொய், 'தெரியாது' என்பன அம்மூன்று நிலைகள். 1986-இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட எஸ்.க்யூ.எல். மொழியும் இவ்வழியே செல்கிறது. வெற்றுப் புலத்தை அம்மொழி 'நல்' என்கிறது. 'நல்' 40-க்குக் குறைவா? தெரியாது. 40-க்கு மேலா? அதுவும் தெரியாது. நிபந்தனை மெய்யாகும் வரிசைகளை மட்டுமே கணிப்பொறி எடுப்பதால், நண்பன் இரண்டிலும் இடம்பெறவில்லை.

சராசரியில் வரும் சிக்கல்

ஐவரின் மதிப்பெண்கள் 60, 70, 80, 0, வெற்றிடம் எனக் கொள்வோம். கூடுதல் 210. எஸ்.க்யூ.எல். சராசரிச் சார்பு வெற்றிடத்தை விட்டுவிட்டு நான்கால் வகுத்து 52.5 என்னும். வெற்றிடத்தைப் பூஜ்யமாக்கினால் ஐந்தால் வகுபட்டு 42 வரும். பூஜ்யத்தையும் வெற்றிடமாகக் கருதிவிட்டால் 70 வரும். ஒரே வகுப்புக்கு மூன்று சராசரிகள்! எது வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரே வரிசையில் உள்ள இரு புலங்களைக் கூட்டும்போது நிலைமை வேறு. அகமதிப்பீடு 20, தேர்வு 'நல்' என்றால் மொத்தமும் 'நல்' ஆகும்; இருபதும் மறைந்துவிடும்.

சோதிக்கும் முறை

'மதிப்பெண் = நல்' என்று எழுதினால் ஒரு வரிசையும் கிடைக்காது; தெரியாத ஒன்றைத் தெரியாத மற்றொன்றோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது' என்பதே. 'இஸ் நல்' என்று கேட்க வேண்டும். வெற்றிடத்துக்கு மாற்றாக வேறொரு மதிப்பைத் தர 'கோயலெஸ்' சார்பு உண்டு. ஆனால் வராதவருக்குப் பூஜ்யம் இடலாமா என்று ஆசிரியரைக் கேட்ட பிறகே அதனைக் கையாள வேண்டும். பெயர், முகவரி போன்ற எழுத்துப் புலங்களில் இடைவெளி மட்டும் இருந்தாலும் கண்ணுக்குக் காலியாகவே தோன்றும். 'டிரிம்' சார்பால் இடைவெளியை நீக்கிச் சோதிப்பது நலம். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் 'நல்' ஆகவே கொள்ளப்படும். வேறு பல தரவுத்தளங்களில் இரண்டும் வெவ்வேறு.

அன்று மாலையே மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தேன். 27, 12, 1, மொத்தம் 40. ஆசிரியர் ஒப்பமிட, நண்பன் மறுநாள் தேர்வெழுதினான். அன்றிலிருந்து பட்டியல்களின் கூடுதல் மொத்த எண்ணிக்கைக்குச் சமமா என்று பாராமல் நான் எதையும் ஒட்டுவதில்லை. நண்பர்களே, நீங்களும் பாருங்கள். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு புலத்தின் பின்னும் ஒரு மனிதர் இருக்கிறார்.

— மூன்றாம் ஆண்டு மாணவர், கணிப்பொறி அறிவியல் துறை